கைப்பைக்குள் துப்பாக்கி: யாருக்கு வசதி?

கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ஒன்று 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்னும் சுழல் துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. ‘அச்சமற்ற’ என்பது அச்சொல்லின் பொருள். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரின் எதிரொலி அதில் வெளிப்படையாகவே இருந்தது. எடை 500 கிராம். விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். பெண்களின் கைப்பைக்குள் அடங்கும் என்பதே முதன்மையான விளம்பரம். நகைப்பெட்டி போன்ற பேழையில் வைத்து அது விற்கப்பட்டது.

கொல்லும் கருவி இவ்வாறு அன்றாட வசதிப் பொருளாக மாற்றப்படுகிறது. இந்த வணிகத்தின் தாயகம் அமெரிக்கா. இடுப்புக் கச்சையின் உட்புறம், அக்குள், கணுக்கால், வயிற்றுப் பட்டை, கைப்பையின் மறைவறை என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித்தனி உறைகள் விற்கப்படுகின்றன. உட்காரும்போது உறுத்தாதது எது, மெல்லிய சட்டைக்குள் துருத்தாதது எது என்பதே வாங்குவோரின் விவாதம். துப்பாக்கி தேவைதானா என்ற கேள்வி அவ்விவாதத்தில் இடம்பெறுவதே இல்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல விரும்புவோர் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டுக்கும் மேற்பட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் 6-3 என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

இந்த ‘வசதி’யின் விளைவு என்ன? 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்த அமெரிக்கர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2014 டிசம்பர் இறுதியில் இடாகோ மாநிலத்தின் ஹேடன் நகரப் பேரங்காடி ஒன்றில், துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தைக்கப்பட்ட தன் தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது. வெடித்த குண்டு தாயின் உயிரைப் பறித்தது.

இதைத் தனிப்பட்ட கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆழமாக மறைத்த துப்பாக்கி ஆபத்து நேரத்தில் எளிதில் கைக்கு வராது. எளிதில் கைக்கு வரும் துப்பாக்கி குழந்தைக்கும், பறிப்பவனுக்கும், வீட்டில் வெறிகொள்ளும் கணவனுக்கும் அதே எளிமையோடு கிடைக்கும். எவ்வளவு மென்மையான தோலுறையும் இந்த முரண்பாட்டைத் தீர்க்காது.

இந்தியப் பெண்களைப் பொறுத்தவரை இந்த முரண்பாடு இன்னும் கூர்மையானது. தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுத்தவர் என்று அவர்கள் பெண்ணின் அன்றாட வட்டத்திலேயே இருக்கின்றனர். அவர்களுக்கு எதிராகக் கைப்பைத் துப்பாக்கி என்ன செய்யும்? மேலும், ஒரு விவசாயக் கூலிப் பெண் ஓராண்டு முழுவதும் ஈட்டும் தொகையைவிட நிர்பீக்கின் விலை அதிகம். வயலிலும் செங்கல் சூளையிலும் தாக்கப்படும் தலித் பெண்ணை மனத்தில் கொண்டு அது செய்யப்படவில்லை.

யார் ஆயுதம் ஏந்தலாம் என்பது எப்போதுமே அதிகாரம் பற்றிய கேள்வி. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இன வேற்றுமையை நீக்கியது. எனினும் உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடமே இருப்பதால், நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே கதவு எளிதில் திறக்கிறது. 2016 இறுதியில் நாட்டிலிருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் 12.7 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. பெண்களுக்கு எதிரான குற்றங்களின் எண்ணிக்கையிலும் அம்மாநிலமே முன்னிற்கிறது. மக்கள்தொகை பெரிது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இத்தனை துப்பாக்கிகள் அங்குள்ள பெண்களுக்கு என்ன பாதுகாப்பைத் தந்தன என்று கேட்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் ஆயுதமேந்திக் காவல்துறையைக் கண்காணித்தபோது, 1967இல் பொது இடங்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்யும் கலிபோர்னியச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016இல் மினசோட்டாவில், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமாகவே சொன்ன, முறையான உரிமம் பெற்ற கறுப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டில் அந்தக் காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அக்காவலர் விடுவிக்கப்பட்டார்.

இந்தப் பின்னணியில்தான் அசாமைப் பார்க்க வேண்டும். ஹிமந்த பிஸ்வ சர்மா தலைமையிலான பாஜக அமைச்சரவை 2025 மே மாதத்தில், துப்ரி, பார்பேட்டா, நகாவ் உள்ளிட்ட மாவட்டங்களில் வாழும் ‘மண்ணின் மைந்தர்களுக்கு’ ஆயுத உரிமம் தாராளமாக வழங்க முடிவெடுத்தது. இவை வங்காளம் பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பகுதிகள். குடிமக்களில் ஒரு பகுதியினருக்கு மற்றொரு பகுதியினரைக் காட்டி அச்சமூட்டி, கையில் துப்பாக்கியையும் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. உழைக்கும் மக்களை மத, இன அடிப்படையில் எதிரெதிர் முகாம்களாக்கும் அரசியல் இது.

சந்தையும் இதற்குத் தயாராகிறது. ஒன்றிய அரசு 2021 அக்டோபரில் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாக உடைத்தது. தொழிலாளர் எதிர்ப்பை முறியடிக்க, வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டத்தை அதே ஆண்டில் நிறைவேற்றியது. அந்த ஏழில் ஒன்று, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அடங்கிய, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அது 2023இல் ‘பிரபல்’ என்ற புதிய சுழல் துப்பாக்கியை வெளியிட்டபோதும், பெண்கள் கைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்ற அதே வாசகம் திரும்ப வந்தது. லாபக் கணக்கு காட்டியாக வேண்டிய நிறுவனத்துக்கு மக்களின் அச்சமே சந்தையாகிறது.

தில்லிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, பெண்கள் ஆயுதம் ஏந்தட்டும் என்று சொல்லவில்லை. காவல்துறைச் சீர்திருத்தம், பாதுகாப்பான பொதுப் போக்குவரத்து, தெருவிளக்கு, வழக்குப் பதிவில் பொறுப்புடைமை ஆகியவற்றையே அது கேட்டது. இவை அனைத்தும் அரசின் கடமைகள். இவற்றைக் கைகழுவும் அரசு, பாதுகாப்பைத் தனிநபர் வாங்கிக்கொள்ள வேண்டிய பொருளாக்குகிறது. துப்பாக்கி யாருக்கு வசதி என்ற கேள்விக்கு விடை இதில்தான் உள்ளது: விற்பவருக்கும், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஆட்சியாளருக்கும்.

இரவுநேரப் பேருந்து, எரியும் தெருவிளக்கு, புகாரை மறுக்காத காவல்நிலையம், பணியிடங்களில் உண்மையாகச் செயல்படும் புகார்க் குழு, அசாம் முடிவைத் திரும்பப் பெறுதல் ஆகிய கோரிக்கைகளை மாதர் அமைப்பும் தொழிற்சங்கமும் இணைந்து ஒவ்வோர் ஊரிலும் எழுப்ப வேண்டும். வேலை முடிந்து வெறுங்கையோடும் அச்சமின்றியும் வீடு திரும்பும் உரிமைக்காகவே இயக்கம் போராட வேண்டும்.