வயல்வெளிப் பறவைகளும் மிராசுதாரர் கடமையும்

பறவைகளைக் கவனித்தல் வேலையற்றோர் பொழுதுபோக்கு என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் கோடியக்கரைக்கு வருவோரைக் கண்டு நகைக்கும் மிராசுதாரர்களை நான் அறிவேன். 1967-ம் வருஷத்தில் சரணாலயமாக்கப்பட்டு, 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட அவ்விடத்துக்குப் பூநாரைகளைக் காண வெகு தூரத்திலிருந்து ஜனங்கள் வருகின்றனர். ஆனால், அதே கடற்கரைப் பிரதேசத்தில் சாகுபடி செய்யும் நாம், நமது வரப்பில் வந்து உட்காரும் பறவை இன்னதென்றும், அது தின்பது நெல்லோ புழுவோ என்றும் அறியாதிருக்கிறோம். இவ்வறியாமையால் நமக்கு நஷ்டம் உண்டாகிறதென்பதே என் அபிப்பிராயம்.

காவிரியின் கடைமடைப் பகுதியில் பறவையில்லாத மாதமே கிடையாது. சித்திரை, வைகாசியில் தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ந் தேதிக்குப் பின் தண்ணீர் வந்து உழவு தொடங்கியதும், உண்ணிக்கொக்குகள் ஏரையும் மாட்டையும் தொடர்ந்து வந்து, மண்ணிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி முதலியவற்றைப் பொறுக்கும். இப்போது டிராக்டரின் பின்னும் அவ்வாறே வருகின்றன. நடவு வயலில் மடையான் நிற்கும்; நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தேடித் தின்னும். புரட்டாசி, ஐப்பசியில் வடதேசத்து வாலாட்டிகளும் உள்ளான்களும் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் ஊசிவால் வாத்துக்களும் கிளுவைகளும் ஏரிகளில் நிறையும்; பூனைப்பருந்து சம்பாப் பயிரின்மேல் தாழப் பறந்து எலியைத் தேடும். பங்குனியோடு இவ்விருந்தினரிற் பெரும்பாலோர் திரும்பிவிடுவர். கரிச்சானும் பனங்காடையும் ஆந்தையுமோ பன்னிரண்டு மாதமும் நம்முடனேயே இருந்து உழைப்பவை.

பறவைகள் யாவும் நண்பர்களே என்று நான் சொல்ல வரவில்லை. பால் பிடிக்கும் கதிரைச் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் பாழாக்கும். நீலத் தாழைக்கோழி இளம் பயிரை ஒடித்துப்போடும். ஆனால், தூக்கணாங்குருவியே தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகிறது. ஆதலால் எந்தப் பறவை எந்தப் பருவத்தில் தீமை செய்கிறதென்று கண்டு, அந்தச் சில நாட்களுக்கு மட்டும் காவல் வைத்தோ, பளபளப்பான நாடா கட்டியோ விரட்டுவதுதான் விவேகம். கோபத்தில் விஷதானியம் தூவுவோர், குற்றவாளியை விட்டு வேலைக்காரனையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் மறைக்கக் கூடாது. நான் உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், நிழல் விழுந்து பயிர் குன்றுகிறதென்று ஒரு பண்ணையின் ஓரத்திலிருந்த பொந்து மரங்களை வெட்டச் சொன்னேன். அவற்றில் கூகைகள் குடியிருந்தன. சாக்குருவியின் குடி ஒழிந்ததென்று வீட்டாரும் மகிழ்ந்தனர். அடுத்த சம்பாவில் எலிவெட்டு மிகுந்து, கிட்டி வைத்து மாளவில்லை. அதற்கு இது ஒன்றே காரணமென்று சாதிக்க மாட்டேன்; ஆயினும் இரவுதோறும் சம்பளமின்றி எலி பிடித்த காவற்காரரை நானே நீக்கினேன் என்பது நிச்சயம். ஒரு வருஷம் அவ்வயலைப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தால் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, நிலச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் சாகுபடிக் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஒருமுறை காலை வேளையில் கண்ட பறவையையும், அது செய்த காரியத்தையும் ஒரு வருஷம் குறித்து வரவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைச் சந்தோஷமாய்ச் செய்வர். இரண்டாவது, நட்ட வயலில் ஏக்கருக்கு இருபது வரையில் குறுக்குக் கட்டையுடன் கழிகள் நட்டால், கரிச்சான்கள் அவற்றில் அமர்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். கதிர் முற்றத் தொடங்கியதும் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியந்தின்னிகளுக்கு அவை ஆசனமாகும். மூன்றாவது, கூகை வாழும் பழைய மரத்தை எளிதில் வெட்டலாகாது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. கொக்கு, மடையான், நாரை முதலியவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்து விற்பது 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். விடியுமுன் வயலில் வலை விரிப்பவர் யாரென்பது ஊரில் எவருக்கும் தெரியாததன்று. ‘ஏழை பிழைத்துப் போகட்டும்’ என்று கண்ணை மூடிக்கொள்வது தர்மமாகத் தோன்றலாம். ஆனால், அவர் ஒரு நாள் ஜீவனத்துக்காக நம் வயலின் காவலை விற்கிறார். அவருக்கு வேறு கூலிவேலைக்கு வழி செய்துகொடுத்து, வலையைச் சுருட்டச் செய்வதே மேலான தர்மம்.

இது நமக்குப் புதிய வழக்கமுமன்று. வேடந்தாங்கல் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்து, அவற்றின் எச்சம் கலந்த நீரை உரநீராக வயலுக்குப் பாய்ச்சி வருகின்றனர். சிவகங்கை ஜில்லா கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் இதைப் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. தங்கள் ஊர்க் காரியமாகவே செய்கின்றனர். நாமும் வருகிற புரட்டாசியில் முதல் வாலாட்டி வரப்பில் இறங்கும் நாளைக் குறித்துக்கொண்டு இந்த நோட்டைத் தொடங்குவோமாக.