வாட்ச் வாரும் கன்டெய்னர் லாரியும்

ரொம்ப நாளாச்சு கடைப்பக்கம் வந்து. ஆணி அதிகம். இன்னிக்கு ஒரு புலம்பல் பதிவு. மேட்டர் சின்னதுதான், ஒரு வாட்ச் வார். "இதுக்கெல்லாம் ஒரு பதிவா"ன்னு கேக்காதீங்க, கடைசி வரைக்கும் படிங்க.

அப்பாவுக்கு சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நம்ம ஆளு நடப்பாரா? "கம்பெனில முப்பது வருஷம் நின்னே வேலை பாத்தவன்டா நான்"னு டயலாக் விடுவார். சரின்னு ஒரு ஃபிட்னெஸ் வாட்ச் வாங்கி கையில கட்டிவிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். மனுஷன் காலைல அஞ்சரைக்கே கிளம்பி வடிவுடையம்மன் கோயிலைச் சுத்தி மாட வீதியில நடக்க ஆரம்பிச்சிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா "இன்னிக்கு ஆறாயிரத்து இருநூறு"ம்பார். பேரன்கிட்ட போட்டி வேற. டாக்டர் சொல்லி நடக்காத கால், ஒரு நம்பரைப் பாத்து நடந்துச்சு.

எட்டு மாசம். மொதல்ல வாருக்குக் கீழ தோல் சிவந்து அரிப்பு. அப்புறம் வாட்ச்சோட சேர்ற இடத்துல ரப்பர் வெடிச்சு, ஒருநாள் கழண்டு விழுந்துடுச்சு. நம்ம ஊர் உப்புக்காத்து, வேர்வை, எண்ணெய், எல்லாத்தையும் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? அதுல எனக்குக் கோவமே இல்ல. தேயுற பொருள் தேயத்தான் செய்யும். செருப்பு தேயல?

கோவம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

தேரடி பக்கத்துல ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருக்கு. நான் ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து அதே பாய்தான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா வார் தொங்கும். தோல், ரெக்சின், நைலான், ஸ்டீல். ஒரு டப்பா நிறைய பின். வாட்ச்சை வாங்கித் திருப்பிப் பாத்தார்.

"இன்னா தம்பி இது, பின்னே இல்லியே?"

"இல்ல பாய், இது தனி மாடல். ஒரு கிளிப் மாதிரி உள்ள போயி மாட்டும்."

"பின்னு இருந்தா 18, 20, 22 எது கேட்டாலும் ரெண்டு நிமிசத்துல போட்டுக் குடுப்பேன். இதுக்கு அவன்கிட்டதான் போவணும்."

அவன்கிட்ட போனேன். அந்த மாடல் விக்கிறது நிறுத்தியாச்சாம், வார் ஸ்டாக் இல்லியாம். புது வாட்ச் வாங்கினா தள்ளுபடி தர்றாங்களாம். ஆன்லைன்ல தேடி ஒண்ணு வாங்கினேன். பேரு அதேதான், ஆனா அடுத்த வருஷ மாடலுக்கானது, உள்ளயே போகல. திருப்பி அனுப்பிட்டு இன்னொண்ணு வாங்கினேன். அது போச்சு. ஆனா கழட்டணும்னா நகம் அளவு இருக்கிற ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே பக்கவாட்டுல இழுக்கணும். எனக்கே மூணு தடவைக்கு மேல ஆச்சு. அப்பாவுக்கு சர்க்கரையால விரல் நுனி மரத்துப்போயிருக்கு, அவரால முடியவே முடியாது. குளிச்சுட்டு வந்து வாரைக் கழட்டிக் காயவைக்கணும்னா நான் ஆபீஸ்லேருந்து வரணும். ரெண்டே வாரத்துல அந்த கிளிப்பும் உடைஞ்சுது.

இதுக்கு நடுவுல மொத்தம் ஒரு மாசம் அவர் நடக்கல. "எண்றதுக்கு ஆள் இல்லாம எதுக்குடா நடக்கணும்"ன்னுட்டார். அடுத்த ரத்த டெஸ்ட்ல சர்க்கரை ஏறியிருந்துச்சு. வார்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், பொங்கல் வேற நடுவுல வந்துச்சு. ஆனா வாரும் ஒரு காரணம்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

ஃபிட்னெஸ் வாட்ச்சுக்கு வார்ங்கறது அலங்காரம் இல்ல, அது கருவியோட ஒரு பகுதி. அடியில பச்சையா ஒரு லைட் மின்னுதே, அது தோலுக்குள்ள வெளிச்சத்தை அனுப்பி, ரத்தம் வந்து போறதுக்கேத்த மாதிரி திரும்பி வர்ற வெளிச்சம் மாறுறதை வெச்சுத்தான் நாடித்துடிப்பைக் கணக்கு போடுது. வார் லூசா இருந்தா கணக்கு தப்பும். ரொம்ப இறுக்கினா வேர்வை தேங்கி தோல் புண்ணாகும். தோல் விஷயம் சும்மா இல்ல. 2014ல ஃபிட்பிட் கம்பெனி தன்னோட ஃபோர்ஸ்ங்கற மாடலையே, கட்டினவங்களுக்கு தோல் அலர்ஜி வருதுன்னு சந்தையிலேருந்து திரும்ப வாங்கிடுச்சு. அப்படின்னா அவங்கவங்க தோலுக்கு ஒத்துக்கிற வாரை அவங்கவங்களே மாத்திக்க முடியணுமா இல்லியா?

முழு வாட்ச்சுலயும் மொதல்ல சாகிறது வார்தான். அந்த ஒரு பாகத்தைப் போயி, தான் மட்டுமே விக்கிற மாதிரி செஞ்சு வெக்கிறது என்ன நியாயம்? சைக்கிள் வாங்கினவன் டயரையும் அதே கம்பெனிலதான் வாங்கணும்னா ஒத்துப்பீங்களா?

சும்மா பொத்தாம்பொதுவா சொல்லல. ஷியோமியோட பேண்டுகளை எடுத்துக்குங்க. 3க்கும் 4க்கும் ஒரே வார் சேரும். 5 வந்ததும் அளவு மாறிடுச்சு. 2023ல வந்த 8ல மாட்டுற முறையே வேற. சாம்சங் கேலக்ஸி வாட்ச்ல 4லேருந்து 7 வரைக்கும் சாதாரண 20 எம்எம் வார் போட முடிஞ்சுது, நம்ம பாயே போட்டுக் குடுத்திருப்பார். 2025ல வந்த 8ல அதையும் மாத்திட்டாங்க. இதுல தமாஷ் என்னன்னா, எல்லாத்தையும் தனி வழியில செய்யிற ஆப்பிள், 2015லேருந்து மாட்டுற பள்ளத்தை மாத்தவே இல்ல. அந்தப் பள்ளமும் அவங்களோட தனி அளவுதான், ஆனா சின்னது பெரியதுன்னு சைஸைப் பாத்துக்கிட்டா பழைய வார் புது வாட்ச்ல சேரும். மனசு வெச்சா முடியும்னு தெரியுதுல்ல?

"தனி கிளிப் வெச்சாத்தான் வாட்ச் மெல்லிசா வரும், கையோட ஒட்டி உக்காரும்"னு ஒரு பதில் வரும். பாதி உண்மை. வளைவான சின்ன பேண்டுக்கு நேரான பின் சரியா வராதுதான். "எங்க கிளிப் கழட்ட ஈஸி"ம்பாங்க. அதுக்கும் பதில் இருக்கு. பின்லயே சின்னதா ஒரு நெம்புகோல் வெச்ச வார் இப்போ எங்கயும் கிடைக்குது. ஒரு விரலால தள்ளினா கழண்டுடும், ஊசி வேணாம், பாயும் வேணாம். ஆனா அளவு அதே 20, 22தான். ஈஸியாவும் இருக்கலாம், எல்லாருக்கும் பொதுவாவும் இருக்கலாம்.

இதை நம்ம ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவே வேணாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நின்னு பாருங்க. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும். அந்தப் பெட்டி எந்த நாட்டுல செஞ்சதோ, கப்பல் எந்த நாட்டுதோ, டிரெய்லர் யாரோடதோ. ஆனா பெட்டியோட நாலு மூலையிலயும் ஒரே மாதிரி ஓட்டை, டிரெய்லர்ல அதுக்கேத்த பூட்டு. உள்ள விட்டு தொண்ணூறு டிகிரி திருப்பினா முடிஞ்சுது. 1956ல அமெரிக்காவுல மால்கம் மெக்லீன் 58 பெட்டியை ஒரு கப்பல்ல ஏத்தி அனுப்பினப்ப ஆரம்பிச்ச கதை இது. மொதல்ல ஆளாளுக்கு ஒரு அளவுன்னுதான் இருந்துச்சு. 1960களில் மெக்லீனோட கம்பெனி தன்னோட மூலைப்பூட்டு காப்புரிமையை எல்லாரும் பயன்படுத்தலாம்னு விட்டுக் குடுத்த பிறகுதான் உலகம் பூரா ஒரே அளவு வந்துச்சு. 1983ல சென்னைத் துறைமுகத்துல கன்டெய்னர் முனையம் வந்தப்ப, எந்த நாட்டுப் பெட்டியா இருந்தாலும் இங்க இறக்க முடிஞ்சுதுன்னா அதுதான் காரணம். முப்பது டன் பெட்டிக்கு உலகமே ஒரு பூட்டுக்கு ஒத்துக்கிச்சு. முப்பது கிராம் வாட்ச்சுக்கு முடியலியாம்!

சட்டம் வருமான்னு கேட்டா, இப்போதைக்கு நம்பிக்கை கம்மி. மத்திய அரசு 2022 ஜூலைல பழுதுபாக்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டுச்சு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்துச்சு. அதுல எடுத்துக்கிட்டது விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாமான், வண்டின்னு நாலு துறை. கையில கட்டுறதைத் தனியா சொல்லல. ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28லேருந்து போன், கேமரா, இயர்போனுக்கெல்லாம் ஒரே சார்ஜர் துளைன்னு சட்டம் வந்துச்சே, அந்தப் பட்டியல்லயும் ஸ்மார்ட் வாட்ச் இல்ல.

அதனால நாமதான் கேக்கணும். அடுத்த தடவை வாங்குறப்ப எத்தனை நாள் பேட்டரி, எத்தனை வண்ணம்னு கேக்கிறதுக்கு முன்னாடி "வார் எத்தனை எம்எம்?"னு கேளுங்க. "இது எங்க தனி டைப் சார்"னு சொன்னா வெச்சுட்டு வந்துடுங்க. வயசானவங்களுக்கு வாங்குறீங்கன்னா கடையிலேயே அவங்க கையாலயே கழட்டி மாட்டச் சொல்லிப் பாருங்க. நான் அதைச் செய்யல, அனுபவிக்கிறேன்.

இப்ப அப்பா மறுபடி நடக்கிறார். வார் இல்லாத வாட்ச்சை சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு. ஏதோ அடியை எண்ணுது, நாடி தெரியாது. கையில? அவரோட பழைய எச்எம்டி. அந்த வாட்ச் கம்பெனியை மூடுறதுன்னு 2016லயே அரசாங்கம் முடிவு பண்ணிடுச்சு. பாய் எண்பது ரூபாய்க்கு புது தோல் வார் போட்டுக் குடுத்தார். ரெண்டே நிமிஷம். கம்பெனி போயிடுச்சு, வார் கிடைக்குது.

டிஸ்கி: புது வாட்ச் வாங்கித் தர்றேன்னேன். "பாய் கடையில வார் கிடைக்கிற மாதிரி இருந்தா வாங்கு"ன்னுட்டார். 20 எம்எம் வார் போடுற மாதிரி, எழுத்து பெருசா தெரியிற மாதிரி நல்ல மாடல் எதுனா தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா :)