பெட்டி நம்முடையது, சாவி அவர்களுடையது

உங்கள் வீட்டு மிக்ஸி ஒரு நாள் காலையில், ‘மன்னிக்கவும், தேங்காய்ச் சட்னி சேவை இன்றோடு நிறுத்தப்படுகிறது’ என்று அறிவித்தால் என்ன செய்வீர்கள்? கடைக்காரர் சட்டையைப் பிடிப்பீர்கள். அதையே பாட்டுப் பெட்டி சொன்னால் மட்டும், ‘டெக்னாலஜி மாறிடுச்சு சார்’ என்று தலையாட்டிவிட்டுப் புதுசு வாங்கக் கிளம்பிவிடுகிறோமே, ஏன்?

என் வீட்டில் நடந்த கதை இது. பதினாலாயிரம் ரூபாய் பெட்டி. வைஃபையில் சேர்த்துவிட்டால், கம்ப்யூட்டரில் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பாட்டையும் பாடும். மாதச் சந்தா கட்டும் இன்டர்நெட் சேவையிலிருந்தும் இழுத்து வந்து பாடும். மூன்றாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தாப் பாட்டு நின்றுபோனது. பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ‘அது பாட்டுக் கம்பெனி பிரச்னை சார்.’ பாட்டுக் கம்பெனியைக் கேட்டால், ‘உங்க பெட்டி பழசு சார்.’ ஸ்பீக்கர் கிழியவில்லை, ஒரு ஒயர்கூட அறுந்துபோகவில்லை. ஆனாலும் பெட்டி பழசு!

நான் பி.காம். படித்தவன். வாங்கிய பொருளுக்கு வருஷா வருஷம் இவ்வளவு தேய்மானம் என்று கழிக்கச் சொல்லித் தந்தார்கள். ஒரே ராத்திரியில் மதிப்பு பூஜ்யமாகும் பொருளுக்குக் கணக்கு எழுதியது தீ விபத்து இன்ஷூரன்ஸ் பாடத்தில் மட்டும்தான்.

என்ன கோளாறு என்றால், பெட்டிக்கும் பாட்டுக்கும் நடுவில் பல சமயம் ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் சர்வர். சர்வரை மூடினாலோ, இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தம் முடிந்தாலோ, நம் ஹாலில் நிசப்தம். அந்த ஒப்பந்தத்தில் நம் கையெழுத்து கிடையாது. பணம் மட்டும் நம்முடையது.

அமெரிக்காவின் சோனோஸ் கம்பெனி செய்ததைக் கேளுங்கள். பழைய பெட்டி வைத்திருந்தால் புதுசுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று 2019-ல் ஆசை காட்டியது. ஒரு நிபந்தனை: ‘ரீசைக்கிள் மோட்’ என்பதை அமுக்க வேண்டும். அமுக்கினால் 21 நாளில் அந்தப் பெட்டி நிரந்தரமாகச் செத்துப்போகும். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியைச் சொந்தக்காரர் கையாலேயே கொல்லச் சொன்னார்கள்! ஊர் காறித் துப்பிய பிறகு 2020-ல் நிபந்தனையைக் கைவிட்டார்கள். 2024 மே மாதம் அதே கம்பெனி புது ஆப் கொண்டுவந்தது. அலாரம் போனது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் சொந்தப் பாட்டைத் தேடும் வசதியும் போனது. தலைமை அதிகாரி ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியை விட்டுப் போனார்.

கூகுள் மட்டும் யோக்கியமா? சோனோஸ் போட்ட பேட்டன்ட் வழக்கில் 2022-ல் தோற்றது. உடனே, பல ஸ்பீக்கர்களைச் சேர்த்து ஒரே இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியைப் பிடுங்கிக்கொண்டது. யாரிடமிருந்து? முழு விலை கொடுத்து எப்போதோ வாங்கியவர்களிடமிருந்து.

‘பழைய சிப்பில் மெமரி போதாது’ என்கிறார்கள். இருக்கலாம். புதுப் பலகாரம் வேண்டாம் ஐயா, பழைய சோறு போதும் என்பவருக்கும் ஏன் இலையை எடுக்கிறீர்கள்?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கலிபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி 2003-ல் ‘ஸ்க்வீஸ்பாக்ஸ்’ என்று ஒரு பெட்டி விற்றது. 2006-ல் லாஜிடெக் அதை 2 கோடி டாலருக்கு வாங்கி, 2012-ல் தயாரிப்பை நிறுத்தியது. ரேடியோவையும் சந்தாப் பாட்டையும் கொண்டுவந்த சர்வரையும் 2024-ல் மூடியது. கதை முடிந்ததா? இல்லை. அதன் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். உபயோகிப்பவர்களே எடுத்துக்கொண்டு, லைரியன் என்று பெயர் மாற்றி ஓட்டுகிறார்கள். பாட்டுச் சேவைகளுக்கும் அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். இருபது வயசுப் பெட்டிகள் இன்றைக்கும் பாடுகின்றன.

ஆக, பூட்டுவது தொழில்நுட்பம் அல்ல, கம்பெனி.

நாம் கேட்க வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. பிரெட் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது. இந்தப் பெட்டியில் ஆன்லைன் பாட்டு குறைந்தபட்சம் எந்த வருஷம் வரை வரும் என்று அட்டையில் அச்சடி. சர்வரை மூடுகிறாயா, மூடு. போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இன்டர்நெட்டில் இணையும் வீட்டுச் சாதனங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். பாட்டு வருமா என்பதற்கு அதில் பதிலில்லைதான். ஆனாலும் தேதி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கதை இனி எடுபடாது.

போன வாரம் புதுப் பெட்டி பார்க்கப் போனேன். ‘தம்பி, இது எந்த வருஷம் வரைக்கும் பாடும்?’ என்று கேட்டேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்: “அண்ணே, சாருக்கு சி.டி. பிளேயர் வேணுமாம்!”