சிவப்புக்கு மேல என்ன கலர்?

ரொம்ப நாளா வரைவுலயே தூங்கிட்டிருந்த பதிவு மக்களே. செமஸ்டர் முடிஞ்சு மூச்சு விட நேரம் கிடைச்சதால தூசி தட்டிப் போடுறேன். மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ். பொறுத்துக்கோங்க.

நான் இருக்கிறது டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோ. அக்கா வீட்டுல ஓசிச் சாப்பாடு, அரை மணி நேர தூரத்துல படிப்பு. ஏப்ரல், மே வந்தா இங்க சில சாயங்காலம் வானம் ஒரு மாதிரி பச்சையாகும். உடனே அத்தான் ஓடிப்போய் காரை உள்ள விடுவார். விடலன்னா ஆலங்கட்டி விழுந்து கார் கூரை கொத்தின அம்மி மாதிரி ஆகிடும். அதனால இந்த ஊர்ல எல்லாரும் அரை வானிலை விஞ்ஞானிகள். நானும் தொத்திக்கிட்டேன்.

போன செமஸ்டர்ல ஒரு புராஜெக்ட். வானிலை நிலையங்கள் தர்ற எண்களை வச்சு ஒரு கடும் மழையையோ புயலையோ படமா வரைஞ்சு காட்டணும். வகுப்புல பாதிப் பேர் டொர்னாடோவை எடுத்தாங்க. நான் 2023 டிசம்பர் 17, 18 எடுத்தேன். தூத்துக்குடி, நெல்லை. மாமா வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம், அதனால எனக்கு அது வெறும் டேட்டா இல்ல.

நம்மூர் கணக்குல 24 மணி நேரத்துல 20.4 செ.மீ.க்கு மேல பெய்ஞ்சா அதி கனமழை. அதுக்கு மேல வகையே கிடையாது. நானும் அதையே வச்சு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு பிரிச்சு வரைஞ்சேன். தூத்துக்குடி மாவட்டம் மொத்தமும் சிவப்பு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. பக்கத்து சீட்டு ஓக்லஹோமாக்காரன் எட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "இந்தச் சிவப்புக்குள்ள என்ன இருக்கு?"

அதுக்குள்ள இருந்தது இதுதான். ஸ்ரீவைகுண்டம் 62 செ.மீ. திருச்செந்தூர் 69. காயல்பட்டினம் 95. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுறதே 70 செ.மீ.க்குள்ளதான். என் படத்துல 21 செ.மீ.யும் சிவப்பு, 95ம் அதே சிவப்பு.

அப்பத்தான் அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துச்சு. இங்க காலைல, அங்க ராத்திரி. மாமா போன்ல, "டிவியில சிவப்பு ஓடுது மருமவனே. அது வருசா வருசம் ஓடுறதுதான"ன்னார். நானும் போன்ல படத்தைப் பாத்துட்டு, "ஒண்ணும் ஆகாது மாமா, படுங்க"ன்னு சொன்னேன். சொன்னது நான்தான். அதுக்கப்புறம் ரெண்டு நாள் லைன் கிடைக்கல. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துடுச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட மாட்டிக்கிட்ட செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. மாமாவும் அத்தையும் மொட்டை மாடியில உயிர் பிழைச்சாங்க. தொழுவத்துல கட்டியிருந்த ரெண்டு மாடும் போச்சு. "தண்ணி இம்புட்டு வரும்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா அவுத்தாவது விட்டுருப்பம்லா"ன்னார். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

95 செ.மீ. வரும்னு முன்கூட்டியே சொல்லியிருக்கணும்னு நான் சொல்ல வரல. அது எந்த ஊர் விஞ்ஞானிக்கும் கஷ்டம். ஆனா பெய்யப் பெய்ய அளந்து சொல்றது கஷ்டமே இல்ல. அந்த 95ங்கிற எண் காலைல 8.30 மணிக் கணக்குலதான் நம்ம கைக்கு வந்துச்சு. பொழுது விடியறதுக்குள்ள மாடு செத்துப் போச்சு. மறுநாள் வர்ற எண் கருமாதிப் பத்திரிகை மாதிரி. ராத்திரி பத்து மணிக்கே "இதுவரைக்கும் 25, இன்னும் விடல"ன்னு வந்தாத்தான் அது எச்சரிக்கை.

ஃபிரிஸ்கோவுல இருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரை விட்டா சிவப்பு ஆறு, அதைத் தாண்டினா ஓக்லஹோமா. அங்க 1994ல இருந்து மீசோநெட்னு ஒண்ணு ஓடுது. சுமார் 120 நிலையங்கள், 77 கவுண்டியிலயும் குறைஞ்சது ஒண்ணு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எண் வரும். அவங்க படத்துல எனக்குப் பிடிச்சது, ஒவ்வொரு ஊர் மேலயும் எண்ணையே எழுதிக் காட்டுறது. கலர் அடிச்சா ரெண்டு நிலையத்துக்கு நடுவுல இருக்கிற ஊருக்கும் கம்ப்யூட்டரே ஊகமா நிறம் பூசிடும். பக்கத்துப் பக்கத்து ஊரான திருச்செந்தூருக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவுல 26 செ.மீ. வித்தியாசம்னா, மழைமானியே இல்லாத கிராமத்தோட நிறத்தை எப்படி நம்புறது?

ரேடார் இருக்கேன்னு கேப்பீங்க. ரேடார் கதிர் தூரம் போகப் போக மேல ஏறிடும். 100 கி.மீ. தள்ளி அது பாக்குறது தரைக்கு ஒண்ணரை கி.மீ. மேல. வாசல்ல எவ்ளோ விழுந்துச்சுன்னு வாசல்ல வச்ச மானிதான் சொல்லணும்.

மானி மட்டும் வச்சா போதுமான்னா, போதாது. 2025 ஜூலை 4 விடியக்காலைல இதே டெக்சாஸ்ல குவாடலூப் ஆறு பொங்கி நூத்துக்கும் மேல உயிர் போச்சு. மானியும் இருந்துச்சு, ரேடாரும் இருந்துச்சு, எச்சரிக்கையும் கொடுத்தாங்க. தூங்கிட்டிருந்த நிறைய பேர் காதுக்கு அது போய்ச் சேரல. ஓக்லஹோமாக்காரங்க இதை முன்னாடியே யோசிச்சு, 1996லயே 'ஓகே ஃபர்ஸ்ட்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, தீயணைப்பு, போலீஸ்காரங்களுக்கு இந்தப் படங்களைப் படிக்கக் கத்துக் கொடுத்தாங்க.

தமிழ்நாட்டுலயும் 1,400 தானியங்கி மழைமானி, 100 தானியங்கி வானிலை நிலையம் வைக்கிறதா அறிவிச்சாங்க. ரொம்ப நல்ல விஷயம். என் கோரிக்கை மூணுதான். அந்த எண்கள் பெய்யும்போதே, யார் வேணா எடுத்து வரையுற மாதிரி திறந்து கிடக்கணும். படத்துல சிவப்புக்கு மேலயும் படி இருக்கணும், கூடவே எண்ணும் இருக்கணும். ஒவ்வொரு ஊர் தலையாரிக்கும் அதைப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

புராஜெக்ட்டைக் கடைசியில மாத்தி வரைஞ்சேன். கலரையெல்லாம் தூக்கிட்டு ஊர்ப் பேரும் எண்ணும் மட்டும். மானி இல்லாத இடத்தை வெள்ளையா விட்டுட்டேன். மதிப்பெண் சுமார்தான். மாமாவுக்கு அனுப்பினேன். கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "இது வெளங்குதுல"ன்னார்.

டிஸ்கி: ஊர்ல மொட்டை மாடி இருக்கிற பதிவர்கள் ஆளுக்கொரு மழைமானி வாங்கி வைங்கப்பா. எண்ணைப் பதிவுல போடுங்க, வரையுறதுக்கு நான் இருக்கேன்.