பூட்ஸை இளக்கும் பூச்சி விரட்டி

கோல்ப் ஆடுவோர் நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸின் முனை, ஒரே மாலைப்பொழுதில் ஒளி மங்கிப் பிசுபிசுத்து, புல்லும் மண்ணும் ஒட்டிக்கொண்டு விகாரமடைவதுண்டு. பனி படிந்த புல்லோ சேறோ இதற்குக் காரணமன்று. ஆட்டம் தொடங்குமுன் கணுக்காலில் தெளித்துக்கொண்ட பூச்சி விரட்டியே காரணம். இதைக் கண்டவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பூட்ஸையே கரைக்கும் மருந்து சருமத்தை விட்டுவைக்குமா?"

இக்கேள்வி கோல்ப் மைதானத்தோடு நின்றுவிடுமாயின் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் காட்டிலும் கழனியிலும் பணிபுரியும் ஊழியர் இதே ஐயத்தினால் விரட்டியைக் கைவிடுவராயின், மலேரியா, டெங்கு முதலிய நோய்களுக்குத் தம்மைத் தாமே திறந்துவைத்தவராவர். ஆகையால் பூட்ஸுக்கு நேர்வது யாது என்பதைச் சற்று விளக்கமாகவே அறிந்துகொள்ளல் நலம்.

டையெதில் டொலுவமைடு, சுருக்கமாக டீட், அமெரிக்க விவசாய இலாகா உருவாக்கி, 1946-இல் அந்நாட்டு இராணுவத்திலும் 1957 முதல் பொதுமக்களிடையேயும் வழக்கத்திற்கு வந்த விரட்டியாகும். எண்ணெய் போன்ற இத்திரவம் பூச்சியை விலக்குவதோடு, பல செயற்கைப் பொருள்களை இளக்கும் தன்மையும் உடையது. பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடக்கும் பொருள். டீட் அச்சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. இக்காலத்துக் கோல்ப் பூட்ஸ் பலவற்றில், நீர் புகாதிருக்கும் பொருட்டு, பதனிட்ட தோலின்மேல் பாலியூரிதேன் பூச்சு இடப்படுகிறது. சிலவற்றில் தோலே கிடையாது, முழுவதும் செயற்கைப் பொருள்தான். இளகுவது இப்பூச்சே. கடிகாரக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சட்டம், வார்னிஷ் பூசிய மேஜை, ரேயான் துணி ஆகியவையும் இவ்வாறே கெடும். பருத்தி, கம்பளி, நைலான் ஆகியவற்றிற்குத் தீங்கில்லை.

மனிதச் சருமத்தின் மேற்புறமோ கெராட்டின் என்னும் புரதத்தாலானது. கம்பளியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பாலியூரிதேனுக்கு நேர்வதைக் கொண்டு சருமத்திற்கும் அதுவே நேரும் என முடிவு கட்டுவது, மெழுகு உருகும் வெயிலில் மண்பானையும் உருகும் என்பது போன்ற வாதம். டீட்டில் ஒரு சிறு பகுதி சருமத்தின் வழியே உட்சென்று சிறுநீரில் வெளியேறுகிறது என்பது உண்மை. அதனையும் கருத்திற் கொண்டே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-லும் 2014-லும் பரிசீலித்து, குறிப்புப்படி உபயோகித்தால் கவலைக்கிடமில்லை என்று கூறியது. கண், வாய், புண், ஆடைக்குள் மறையும் இடம் ஆகியவற்றில் பூசலாகாது. இரண்டு மாதம் நிரம்பாத சிசுக்களுக்கு விரட்டியே கூடாது.

பூட்ஸைக் காப்பது கடினமன்று. நின்றபடியே கணுக்காலில் தெளிப்பதுதான் முதற்பிழை. துளிகள் நேரே பூட்ஸின் முனையிலேயே விழுகின்றன. வெறுங்காலோடு இருக்கையில் உள்ளங்கையில் எடுத்துப் பூசி, உலரவிட்டு, கையைச் சோப்பினால் கழுவிய பின்னரே காலுறையும் பூட்ஸும் அணிதல் வேண்டும். கை கழுவாமல் கயிறு கட்டுவோர் விரல் பட்ட இடமெல்லாம் தடம் பதிப்பர். புல்வெளியின் மேல் நின்று தெளிப்பதும் தவறே. சுற்றிலும் புல் பழுத்துக் கருக, பூட்ஸ் மறைத்த இடம் மட்டும் இரு பச்சைக் காலடிகளாக எஞ்சி நிற்கும். மைதானக் காவலர் குற்றவாளியைத் தேடவேண்டிய சிரமமில்லை!

துளி விழுந்துவிட்டால் தாமதம் கூடாது. இளஞ்சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் அழுத்தாமல் ஒற்றியெடுத்து, துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி மீண்டும் ஒற்றி, பின் வெறும் நீரால் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்துக. மேற்பரப்பு ஏற்கெனவே பிசுபிசுத்திருந்தால் தூரிகை போடலாகாது. தூரிகையின் கோடுகள் அப்படியே பதிந்துவிடும். ஒட்டிய புல்லையும் மண்ணையும் பரப்பு இறுகிய பின்னரே அகற்ற வேண்டும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவற்றால் துடைப்போர் உண்டு. அவையும் கரைப்பான்களே, எஞ்சிய பூச்சையும் கொண்டுபோகும். இளகிக் குழைந்த பூச்சு பழைய ஒளியைப் பெறாது. அடியில் மெய்யான தோல் இருப்பின், தேர்ந்த தொழிலாளி மறுபடி வர்ணமேற்றலாம். முற்றிலும் செயற்கையான பூட்ஸுக்கு அவ்வழியும் அரிது.

செயற்கைப் பூட்ஸும் பிளாஸ்டிக் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடியும் அணிந்தே பணிபுரிய வேண்டியவர்க்கு, 1980-களில் ஜெர்மானிய பேயர் நிறுவனம் உருவாக்கிய பிகாரிடின் ஏற்றது. அது பிளாஸ்டிக்கை இளக்குவதில்லை.

அமெரிக்காவில் விற்கும் டீட் புட்டிகளில், செயற்கைத் துணி, பிளாஸ்டிக், தோல், வர்ணம் பூசிய பரப்பு ஆகியவை கெடக்கூடும் என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுவதுண்டு. நம் நாட்டிலும், எந்த விரட்டிக்கு இக்குணம் உண்டோ அதன் புட்டியில், வாங்குவோர் படிக்கவல்ல மொழியில் அவ்வெச்சரிக்கை பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். காரணம் தெரியாமல் பூட்ஸை இழந்தவர் மருந்தையே நஞ்சென்று தூற்றுவது இயல்பு. அதுவரை ஆசிரியர்கள் வகுப்பிலேயே இதைக் காட்டலாம்: உதவாத பிளாஸ்டிக் பேனா மூடி, வார்னிஷ் பூசிய பென்சில், பருத்தி நூல், கம்பளி நூல் ஆகியவற்றின்மேல் டீட் திரவத்தில் ஒவ்வொரு துளி இட்டு மூடி வைத்து, மறுநாட் காலையில் மாணவரைக் கொண்டே குச்சியால் தொட்டுப் பார்க்கச் செய்யலாம்.