வடிகட்டியைத் தருவதா, வனையக் கற்றுத் தருவதா?

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் எல்லாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் அல்ல. வயிற்றுப்போக்கு, சீதபேதி, காலரா ஆகிய நோய்களின் கிருமிகள் தெளிந்த நீரிலும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2024-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கினால் இறக்கின்றனர். இதில் பெரும்பகுதி நல்ல தண்ணீராலும் சுத்தத்தாலும் தடுக்கக் கூடியது.

குழாய் எட்டாத கிராமங்களுக்கு எளிய நீர் வடிகட்டிகளைச் செய்து கொடுக்கும் தொண்டர்கள் பல நாடுகளில் உள்ளனர். பாராட்ட வேண்டிய பணி. ஆயினும், விவசாய விரிவாக்கப் பணியில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கருவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் தொண்டு பாதித் தொண்டுதான். அதைச் செய்யும் கையை ஊரிலேயே உண்டாக்கிவிட்டு வருவதே முழுத்தொண்டு.

மண்ணும் உமியும்

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டில், 1981-ம் ஆண்டில், பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்ற வேதியியலார் மண்பானை வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். இதன் தத்துவம் மிக எளிது. களிமண்ணுடன் மரத்தூள் அல்லது அரைத்துச் சலித்த உமியைக் கலந்து பிசைய வேண்டும். இதை அச்சில் வைத்து, லாரிக்குப் பயன்படும் ஜாக்கியால் அழுத்தினால் பூந்தொட்டி போன்ற பானை கிடைக்கும். நிழலில் உலர்த்திச் சூளையில் சுடும்போது உமி எரிந்துவிடுகிறது. அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளாகின்றன. தண்ணீர் அவற்றின் வழியே கசிகிறது. அழுக்கும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் தங்கிவிடுகின்றன. மேலும் பாதுகாப்புக்காக வெள்ளி உலோகத்தின் மிக நுண்ணிய துகள் கலந்த நீரைப் பானையில் பூசுகிறார்கள். பானையைக் குழாய் பொருத்திய ஒரு வாளியின் வாயில் உட்கார வைத்து, மூடிவிட்டால் வடிகட்டி தயார். மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை தண்ணீர் இறங்கும். மின்சாரம் வேண்டாம், விறகும் வேண்டாம்.

1998-ம் ஆண்டு இறுதியில் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைச் சூறையாடியது. அப்போது நிகராகுவாவில் 'அமைதிக்கான குயவர்கள்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட தொண்டு அமைப்பு பணியாற்றி வந்தது. அதைச் சேர்ந்த ரான் ரிவேரா என்ற மண்பாண்டக் கலைஞர் உள்ளூர் மக்களைக் கொண்டே இந்த வடிகட்டியைச் செய்யும் பட்டறையை ஏற்படுத்தினார். பிறகு நாடு நாடாகச் சென்று, ஏறத்தாழ 30 பட்டறைகள் தொடங்க உதவினார். செய்முறைக்கு யாரும் காப்புரிமை கொண்டாடவில்லை, கேட்டவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். நைஜீரியாவில் இப்பணிக்குச் சென்றிருந்தபோது தொற்றிய மலேரியாவால் 2008-ம் ஆண்டில் ரிவேரா காலமானார். அவர் விட்டுச் சென்றது பானைகளை அல்ல. பானை செய்யத் தெரிந்த மனிதர்களை.

கம்போடியா சொல்லும் பாடம்

நம்மைப் போல் நெல் விளையும் நாடு கம்போடியா. அங்கு உமி கலந்த வடிகட்டிகளே செய்யப்படுகின்றன. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டுக் கிராமங்களில் மேற்கொண்ட ஆய்வின் அறிக்கை 2007-ம் ஆண்டில் வெளிவந்தது. வடிகட்டியைப் பயன்படுத்திய வீடுகளில் வயிற்றுப்போக்கு 46 சதவீதம் குறைவாக இருந்தது என்பது அதில் கண்ட நற்செய்தி.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வடிகட்டி பெற்றிருந்த 506 வீடுகளில், ஆய்வாளர்கள் சென்ற சமயத்தில் அதை ஒழுங்காகப் பயன்படுத்திக் கொண்டிருந்தவை 156 மட்டுமே. மாதத்துக்கு ஏறத்தாழ 2 சதவீத வீடுகள் பயன்பாட்டைக் கைவிட்டு வந்தன. முக்கியக் காரணம், பானையோ குழாயோ உடைந்து போனதுதான். இன்னொன்றையும் கவனித்தார்கள். ஏதேனும் ஒரு தொகை கொடுத்து வாங்கியவர்கள், இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிக காலம் பயன்படுத்தினார்கள்.

இதில் விவசாயிக்கு வியப்பு ஏதும் இராது. வாசர் தேய்ந்த கைத்தெளிப்பான் பரணில் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா? தெளிப்பானைக் கொடுத்தவர்கள் அரையணா வாசருக்கு வழி செய்யவில்லை என்றால் அத்தனை செலவும் வீண். மண்பானை என்றாவது உடையத்தான் செய்யும். உடைந்த மறுநாள் மாற்றுப் பானை சந்தையில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. அக்கம்பக்கத்தில் செய்பவர் இருந்தால் கிடைக்கும். கப்பலில் வந்த பானை என்றால் கிடைக்காது.

'ஏழையிடம் காசு கேட்பதா?' என்று சிலர் சினப்படலாம். வெள்ளம், புயல் வந்த வேளையில் இலவசமாகவே கொடுக்க வேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நிலைமை சீரான பிறகும் இலவசம் மட்டுமே தொடருமானால், உள்ளூரில் வனைபவர் பிழைக்க முடியாது. அவர் பட்டறையை மூடிவிட்டால் அடுத்த பானை யாருக்குமே கிடைக்காது. மானியம் கொடுத்து விலையைக் குறைக்கலாம். வாங்கவே முடியாதவர்களுக்கு ஊரார் சேர்ந்து கொடுக்கலாம். பொருளுக்கு ஒரு விலை இருக்கட்டும்.

எச்சரிக்கையும் தேவை

எளிய கருவி என்றால் ஏனோதானோ என்று செய்யலாம் என்பதில்லை. மண்ணுக்கு மண் உமியின் அளவு மாறும். ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை சீரான சூடு வேண்டும். திறந்த சூளையில் இது எளிதல்ல. சுட்ட ஒவ்வொரு பானையிலும் நீர் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். மிக வேகமாக இறங்கினால் விரிசலோ பெருந்துளையோ உண்டு என்று பொருள். அப்பானையைத் தயங்காமல் உடைத்துவிட வேண்டும். முளைப்புத்திறன் பாராத விதையை விற்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு சோதிக்காத வடிகட்டியை விற்பது. ஆகவே தொண்டர்கள் அச்சையும் சூளையையும் மட்டுமல்ல, சோதனைப் பழக்கத்தையும் கற்றுத்தர வேண்டும்.

இவ்வடிகட்டி கிருமிகளைத் தடுக்குமே தவிர, நீரில் கரைந்துள்ள உப்பு, புளூரைடு, நைட்ரேட் ஆகியவற்றை நீக்காது. பூச்சிக்கொல்லி கலந்த நீருக்கும் இதை நம்பக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளைப் போல் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்துள்ள ஊர்களுக்கு இது விடையாகாது. அங்கு முதலில் நீர்ப் பரிசோதனை, பிறகே கருவி. மிக நுண்ணிய வைரஸ் கிருமிகளை முழுவதும் தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் நோய் கண்டால் நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது.

பராமரிப்பு எளிது. நீர் இறங்குவது குறைந்தால் பானையின் உட்புறத்தைச் சுத்தமான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு கூடாது. கீழ் வாளியில் கையையோ சொம்பையோ விடாமல் குழாய் வழியே பிடிக்க வேண்டும். வடிந்த நீர் கைபட்டு மீண்டும் கெடுவதே பல வீடுகளில் நடப்பது.

நம் நாட்டிலும் புவனேசுவரத்தில் உள்ள மத்திய ஆய்வுக்கூடம் செம்மண், ஆற்று மணல், மரத்தூள் ஆகியவற்றைக் கொண்டு 'டெராபில்' என்ற சுட்ட மண் வடிகட்டியை உருவாக்கியது. ஆகவே இது வெளிநாட்டார்க்கே உரிய வித்தை அல்ல. தமிழகத்தில் களிமண் உண்டு. அரிசி ஆலைகளில் உமி உண்டு. வனையத் தெரிந்த குடும்பங்கள் வேலையின்றி வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வயல்காட்டில் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் அப்படியே குடிக்கும் விவசாயத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

நாளை ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் ஊருக்கு வடிகட்டி கொண்டுவந்தால் வரவேற்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? இது உடைந்தால் மாற்று எங்கே கிடைக்கும்? எங்கள் ஊர்க் குயவருக்கு இதைச் செய்யக் கற்றுத்தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்பவர்களுக்கு உமியும் மண்ணும் கொடுத்து உதவ வேண்டியது நம் கடமை.