வெள்ளை அடைப்பும் கரையோர ஓட்டையும்

நம்மூர்ல பல்லை அடைக்கப் போறவங்க டாக்டர்கிட்ட கேக்குற மொத கேள்வி, "வெள்ளைக் கலர்லயே அடைச்சிரலாமா?" ரெண்டாவது, "எவ்வளவு ஆகும்?" மூணாவது கேள்வியே கிடையாது. என் கட்சி என்னன்னா, அந்த மூணாவதைத்தான் மொதல்ல கேக்கணும்: "டாக்டர், இதை ஒட்டுற பசை எத்தனை நாள் நிக்கும்?"

(நான் டாக்டர் இல்லீங்கோ. பொட்டி தட்டுற ஆசாமி. எங்க சித்தப்பாவுக்கு ஒரே கடவாய்ப் பல்லை ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை அடைச்சு, கடைசியில ரூட் கனால்ல போய் நின்னுச்சு. "ஏல, அடைச்ச பல்லுல பொறவு எப்படில சொத்தை வரும்?"னு அவர் கேட்டதுக்குப் பதில் தேடிப் படிச்சதுதான் இதெல்லாம்.)

கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வயல் வச்சிருக்கவங்களுக்கு இது ஈஸியா புரியும். மடைக்குக் கல்லு வச்சா தண்ணி கல்லைத் துளைக்காது. கல்லும் மண்ணும் சேருற ஓரத்தை அரிச்சுட்டுப் போகும். பல்லுலயும் அதே கதைதான். அடைச்ச பொருள் சொத்தை ஆகாது, அதைச் சுத்தி இருக்குற பல்லுதான் ஆகும்.

பழைய கறுப்பு அடைப்பு, அதாங்க பாதரசம் வெள்ளி கலந்த அமால்கம், பல்லோட ஒட்டவே ஒட்டாது. குழியோட வடிவத்துல சும்மா பிடிச்சு நிக்கும். ஆனா நாளாக நாளாக அது அரிச்சு வர்ற கழிவே ஓர இடுக்கை அடைச்சிரும். அழகில்லாத கிழவர், ஆனா தன் வேலையைத் தானே பாத்துப்பார். பாதரசம் சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு 2013ல மினமாட்டா ஒப்பந்தம் வந்தது, 2018ல இந்தியாவும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜனவரியிலேர்ந்து, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அமால்கம் கிடையாது. போகட்டும், நல்லதுதான். ஆனா அவர் பாத்த வேலை இப்ப பசை தலையில வந்து விழுந்திருக்கு.

பசை எப்படி ஒட்டுது? 1955ல மைக்கேல் புவனகோர்ங்கிறவர் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கினா பிசின் நல்லா பிடிக்கும்னு காமிச்சார். எனாமல்ல இது இன்னிக்கும் சூப்பர். பிரச்சினை உள்ள இருக்குற டென்டின்ல. அதுல தண்ணி இருக்கு, கொலாஜன் நார் இருக்கு. பிசின் அந்த நாருக்குள்ள முழுசா ஊறணும். ஊறாத எடத்துல ஈரம் தங்கும், பல்லுல இருக்குற என்சைமே நாரைச் சிதைக்கும், எச்சில் பிசினைக் கரைக்கும். போதாக்குறைக்கு, நீல வெளிச்சம் அடிச்சு இறுக வைக்கும்போது அடைப்பு ரெண்டு மூணு சதவீதம் சுருங்கவும் செய்யும். ரெண்டு பல்லுக்கு நடுவுல, ஈறை ஒட்டின அடி ஓரத்துல எனாமல் மெலிசு, சில சமயம் இருக்கவே இருக்காது. மொதல்ல ஓட்டை விழுறது அங்கதான்.

காக்ரேன் தொகுப்பாய்வு ஒண்ணு (2014ல வந்து 2021ல புதுப்பிச்சது), கடவாய்ப் பல்லுல வெள்ளை அடைப்பு தோத்துப்போற வாய்ப்பு அமால்கத்தை விட ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு சொல்லுது. கிடைச்ச ஆதாரம் அவ்வளவு ஸ்ட்ராங் இல்லன்னும் அவங்களே ஒத்துக்கிறாங்க.

சித்தப்பாவுக்கு ஒரு கிளினிக்குல ரெண்டு உருண்டை பஞ்சை வச்சு, நடுவுல ஒரு போனும் பேசி, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்களாம். பசைக்கு எச்சிலும் ரத்தமும் ஆகவே ஆகாது. அதுக்குன்னே பல்லை மட்டும் வெளிய நீட்டி வைக்கிற ரப்பர் ஷீட்டு 1864லயே வந்தாச்சு. பேரு ரப்பர் டேம். பாபநாசம் டேம் தண்ணி குடிச்சு வளந்த நம்ம வாயில இந்த டேமை எத்தனை பேரு பாத்திருக்கோம்? காசு அதிகமானாலும் பரவால்ல, கலருக்குக் குடுக்குறதை நேரத்துக்குக் குடுங்க.

ஈறோரம், வேர்ப் பக்கம்னா கிளாஸ் அயனோமர் போடலாமான்னும் கேளுங்க. 1972ல வில்சனும் கென்ட்டும் சொன்ன சரக்கு. தானாவே பல்லோட ரசாயனமா ஒட்டும், ஃப்ளூரைடும் கொஞ்சம் கொஞ்சமா விடும். பளபளப்பும் பலமும் கம்மி. வயசானவங்களுக்குப் பளபளப்பு எதுக்குங்கேன்.

அப்புறம் நம்ம பங்கு. சொத்தைக்கு முக்கியம் எவ்வளவு சீனிங்கிறதை விட எத்தனை தடவைங்கிறதுதான். ஒவ்வொரு தடவையும் வாய்ல அமிலம் ஏறி, எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணிக்கு மேல ஆகும். சாயங்காலம் இருட்டுக்கடை அல்வா நூறு கிராமை ஒரேடியா முழுங்குறவர் தப்பிச்சாலும் தப்பிப்பார். நாள் பூரா சீனி போட்டு ஆறு டீ அடிக்கிறவருக்குப் பல்லே அல்வா குடுத்துரும்.

பேஸ்ட்டு டியூப்ல ஃப்ளூரைடு 1000 பிபிஎம்னு போட்டிருக்கான்னு பாருங்க. மூலிகை, கரித்தூள்னு வர்ற பலதுல அது இல்ல. ராத்திரி தேச்சதும் துப்பிட்டு விட்டுருங்க, செம்பு செம்பாத் தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். சித்தப்பா இதை மட்டும் கேக்க மாட்டேங்கார். "கொப்பளிக்காம எப்படிலே படுக்க?"ங்கார்.